விரிசலைத் தாண்டும் கை

சூசைப்பிள்ளையின் வலக்கையைக் காணும்போதெல்லாம் தில்லையம்பலத்துக்கு வயிறு எரியும். ஒரு நாள், இரண்டு நாள் எரிச்சலன்று அது. ஆறு ஆண்டுகளாக ஒரு பொழுதும் அணையாத அடுப்பு.

சங்குத்துறைக் கடைத்தெருவில் இருவருடைய பரோட்டாக் கடைகளும் எதிரெதிரே இருந்தன. வெயில் தாழ்ந்ததும் இரண்டு கற்களும் சூடேறும். இந்தப் பக்கத்தில் தில்லையம்பலம், வலக்கை இருந்த இடத்தில் சட்டைக்கையை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கத்தில் சூசைப்பிள்ளை, மங்கிய செம்பின் நிறத்தில் நகங்களின்றி மினுங்கும் ஒரு கையால் மாவை வீசிக்கொண்டிருப்பார். அந்தக் கைக்குச் சூடு தெரியும். மாவின் ஈரம் தெரியும். தன்மேல் உட்காரும் ஈயின் நடையும் தெரியும். இருவரும் கையை இழந்தது ஒரே நாளில், ஒரே நிமிடத்தில். திரும்பப் பெற்றவர் ஒருவர்தாம்.

சங்குத்துறை அமைந்த மணற்றீவைக் காவற்குழு என்னும் ஆயுதக் கூட்டம் ஒன்பது ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தது. அதை விரட்டக் கடல் கடந்து ஒரு கூட்டுப்படை வந்தது. ஏழு நாட்டவர் சேர்ந்த படை. ஏழு பெயரும் நாவில் புரளாமையால் தீவுமக்கள் அவர்களை 'வந்தவர்கள்' என்றே அழைத்தனர். பத்தொன்பது நாள் போர் நடந்தது. காவற்குழு ஒழிந்தது, கடைத்தெருவில் பாதியும் வடக்குத்தெரு முழுவதும் அதனோடு சேர்ந்து ஒழிந்தன.

பிறகு, வந்தவர்கள் ஒரு நீதி வகுத்தார்கள். தங்கள் குண்டால் கையை இழந்த பொதுமக்களுக்கு, தொடுவதை உணரும் செயற்கைக் கையான உணர்கை கொடுப்பார்கள். காவற்குழுவின் குண்டால் இழந்தவர்களுக்கு வருத்தம் தெரிவிப்பார்கள். அந்த வருத்தம் வழவழப்பான தாளில் அச்சாகி, இரண்டு முத்திரைகளோடு வந்தது. தில்லையம்பலம் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார்.

எந்தக் காயம் யாருடையது என்பதில் வழக்குக்கு இடமில்லை. சதையில் தைத்த இரும்புத் துணுக்கு எந்தப் பட்டறையில் வார்த்தது என்பதை அவர்களுடைய கருவி நொடியில் சொல்லிவிடும். சூசைப்பிள்ளையின் கையில் இருந்தது வந்தவர்களின் இரும்பு. தில்லையம்பலத்தின் கையில் இருந்தது காவற்குழுவின் இரும்பு. தோளோடு தோள் நின்ற இருவருள் ஒருவர்மேல் கைதரும் குண்டு விழுந்தது. மற்றவர்மேல் தாள்தரும் குண்டு விழுந்தது. ஒரு மனிதரை அடுத்தவருடைய காயத்தின்மேல் பொறாமைப்பட வைத்த நீதியை வேறெந்த ஊரிலும் காண்பது அரிது.

இதில் ஊரார் சிரித்துச் சிரித்துப் பேசிய வேடிக்கை ஒன்று உண்டு. கை பெற்ற சூசைப்பிள்ளை வந்தவர்களைக் காலை முதல் மாலை வரை ஏசினார். அவருடைய மகன் அருளப்பனைப் பத்தொன்பது வயதில் காவற்குழு வீடு புகுந்து இழுத்துப்போய்ப் பாறைமேட்டுப் பீரங்கியில் வேலைக்கு வைத்தது. வந்தவர்களின் விமானம் அந்தப் பீரங்கியை மேட்டோடு பெயர்த்தது. அருளப்பனின் படம் மாலையோடு சூசைப்பிள்ளையின் கடையில் தொங்கியது. கை பெறாத தில்லையம்பலமோ வந்தவர்களுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாடினார். காவற்குழு அவரை இருமுறை பிடித்துப்போய் அடித்திருந்தது. வந்தவர்கள் வராவிட்டால் மூன்றாம் முறை திரும்பியிருக்க மாட்டோம் என்பது அவருடைய உறுதி.

வந்தவர்களின் கடைசிக் கப்பல் புறப்படப்போகிற வாரத்தில் தில்லையம்பலத்தின் கடையில் அதே வழக்கு மறுபடியும் கிளம்பியது.

"ஞாயித்துக்கிழமை கிளம்புதானுவளாம்லா," என்றார் வலைக்கடை மீராசா.

"போட்டும் வே! எங்க அக்கா வீட்டுக் கூரையைப் பிச்சு எறிஞ்சவனுவ," என்றார் ஐஸ் கம்பெனிப் பிச்சையா.

தில்லையம்பலம் இடக்கையால் சால்னா ஊற்றியபடியே திரும்பினார். "கூரை போனதைச் சொல்லுதீரு. உம்ம மச்சானைக் காவற்குழு கூட்டிட்டுப் போயித் திரும்ப விடலையே, அதை ஏன் வே சொல்ல மாட்டேங்கீரு?"

"அதையும்தான் சொல்லுதேன். அவன் கெட்டவன்னா இவன் நல்லவனாயிருவானா?"

"இவன் குண்டு பாத்துத்தான் விழுந்துது. சனங்க மேல வேணும்னு போடலை."

"எதிர்க்கடைக்காரரு கையைக் கேளும், சொல்லும்!" என்று பிச்சையா சிரித்தார். "அவரு அவனுவ கையை மாட்டிக்கிட்டு அவனுவளையே ஏசுதாரு. நீரு மொட்டைக்கையை வச்சுக்கிட்டு வக்காலத்து வாங்குதீரு. நல்ல ஊரு வே இது!"

மீராசா பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அவன் கட்டின ஆஸ்பத்திரியிலதான் என் பேரன் பொறந்தான். அதே வாரம் என் தம்பி படகை எதிரிப் படகுன்னு சுட்டான். நான் எந்தக் கையால கும்பிட, எந்தக் கையால அடிக்க? அண்ணாச்சிக்கு அந்தச் சங்கடமே இல்லை, ஒரு கைதான்."

எல்லாரும் சிரித்தார்கள். தில்லையம்பலமும் சிரித்தார்.

"ஏங்க, வாய் கொத்தினது போதும். கல்லு காயுது," என்று அதட்டினாள் அவர் மனைவி பரிமளம்.

இருவரும் கல்லுக்கு முன்னே நின்றார்கள். பிய்த்துப் போட்ட பரோட்டாவையும் முட்டையையும் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக் கொத்த வேண்டும். இடக்கைத் தம்ளர் அவருடையது. வலக்கைத் தம்ளர் அவளுடையது. ஆறு ஆண்டுகளாகியும் இரண்டும் இசையவில்லை. வண்டிமாடு இரண்டும் வெவ்வேறு ஊருக்குப் போவதுபோல் ஒரு கொத்து.

முன்பு அப்படியா இருந்தது? தில்லையம்பலத்தின் கல் அவர் தொழில் பழகிய பழைய கல். அதன் வலப்பக்க ஓரத்தில் ஒரு விரிசல் உண்டு. தம்ளரின் விளிம்பு அதில் மாட்டினால் கொத்து சிதறிவிடும். ஆகையால், பதினான்கு வயதிலேயே அவருடைய வலக்கை அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று தாண்டக் கற்றுக்கொண்டது. தட், தட், தட்; ஒரு மூச்சு; தடதட். குறையை மறைக்க வந்த அந்தத் தாவலே நாளடைவில் அவருடைய அடையாளமாயிற்று. மூன்று தெரு தள்ளிக் கேட்டாலும், "தில்லை கல்லைப் போட்டாச்சு," என்பார்கள். கல்யாண வீடுகளில் விரிசலில்லாத கல்லில் கொத்தினாலும் கை அந்த இடத்தைத் தாண்டும். அறிந்து செய்வதன்று, கை தானே செய்வது.

சூசைப்பிள்ளை கை வந்த பிறகு கொத்தவேயில்லை. பரோட்டா வீசுவார்; அடித்து உதிர்ப்பார்; கொத்து கேட்டால், 'கிடையாது' என்று பலகையைக் காட்டுவார். தில்லையம்பலத்தின் வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றியது அதுதான். 'அப்படியொரு கையை வைத்துக்கொண்டு கொத்தாமல் இருக்க எவ்வளவு திமிர் வேண்டும்! அது மட்டும் எனக்கு வாய்த்திருந்தால்...' என்று தொடங்கி, அந்த எண்ணத்தை முடிக்காமலே அவர் ஒவ்வொரு நாளும் கடையைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் மாதா கோயில் திடலில் அசனம் நடந்தது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் ஊரார் அனைவரும் ஒரே பந்தலில் உண்ணும் விருந்து அது. போர் நாளில் குண்டு விழுந்ததும் இதே திடலில், இதே அசனத்தின்போதுதான். அதன்பிறகு ஆறு ஆண்டுகளாக நடக்காமல் இருந்ததை, வந்தவர்களை வழியனுப்பும் சாக்கில் கோயில் கமிட்டியார் மீண்டும் எடுத்தார்கள். வழியனுப்பவா, தொலைத்துக் கட்டவா என்பதில் கமிட்டிக்குள்ளேயே இரண்டு கட்சி. சோறு இரண்டு கட்சிக்கும் பொது.

அசனத்துச் சமையலில் சங்குத்துறைக்கென்று ஒரு முறை உண்டு. அன்றைக்குக் கடைக்காரர்களிடையே போட்டி இல்லை என்று காட்டத் துண்டு மாற்றிக்கொள்வார்கள். கடைப்பெயர் தைத்த தம் துண்டை எதிர்க்கடைக்காரரின் வலக்கை மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும். சூசைப்பிள்ளை வந்து, தில்லையம்பலத்தின் மொட்டைக்கைக்கு முன்னே தயங்கி நின்று, பிறகு தோளில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். தில்லையம்பலத்தின் துண்டைப் பரிமளம் அந்தச் செம்புநிறக் கையில் கட்டினாள். தில்லையம்பலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி பாதி நடக்கையில் வந்தவர்களின் தளபதி எழுந்தார். கழுத்தில் தொங்கிய மொழிபெயர்க்கும் பெட்டி பேசியது: "ஐயா, தாங்கள் எமது கையால் கொத்தும் அழகைக் காண விழைகிறோம்."

"முடியாதுன்னு சொல்லு அந்தப் பெட்டிகிட்ட," என்றார் சூசைப்பிள்ளை.

கூட்டம் விடவில்லை. "ஒருக்கா கொத்தும் வே!" என்றது ஒரு குரல். "கை சும்மா அலங்காரத்துக்குத்தான் போல," என்றது இன்னொன்று. கடைசியில், "மவனைக் கொன்னவன் கேக்கான்னு கொத்த மாட்டேங்காரு, அவன் குடுத்த கையை மட்டும் கழத்த மாட்டாரு!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவன் சொன்னான்.

சூசைப்பிள்ளையின் முகம் கறுத்தது. வெடுக்கென்று இரண்டு தம்ளர்களையும் எடுத்தார். திடலில் போட்டிருந்தது புதுக் கல். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது.

தட், தட், தட். ஒரு மூச்சு. தடதட்.

தில்லையம்பலத்தின் கையில் இருந்த கறிச்சட்டி சாய்ந்தது. மறுபடியும் கேட்டது. வலப்பக்க ஓரத்தில், எந்த விரிசலும் இல்லாத இடத்தில், செம்புநிறக் கை ஒரு மூச்சு நின்று தாண்டியது. ஊராருக்கு ஆறு ஆண்டு மறதி, அவர்கள் கைதட்டினார்கள். பரிமளம் மட்டும் கணவரின் தோளைப் பற்றினாள். "ஏங்க... அது உங்க கைல்லா?"

சூசைப்பிள்ளை தம்ளர்களைக் கல்லின்மேலே போட்டுவிட்டு, நேராகத் தில்லையம்பலத்தைப் பார்த்தார். பிறகு திடலைவிட்டு வெளியேறினார்.

மறுநாட் காலையில் துறைமுகத்தின் பழைய சுங்கக் கட்டடத்தில் தில்லையம்பலம் போய் நின்றார். பாதி அறைகள் காலியாகிப் பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. ஆவணங்களைக் காத்துவந்த மெர்சி என்னும் தீவுப்பெண்ணும், உணர்கை பொருத்திய டாக்டர் ஹெல்மாவும் அங்கே இருந்தார்கள். தில்லையம்பலம் சொன்னதைக் கேட்டு, டாக்டர் திரையில் பழைய பதிவைத் திறந்தார். அவருடைய கழுத்துப் பெட்டி தமிழில் பேசியது.

"ஐயா, உணர்கை வெறும் இயந்திரமன்று. துண்டான கையின் நரம்புகளில் அதன் பழக்கங்கள் சில மணி நேரம் தங்கியிருக்கும். அவற்றை ஒருமுறை படித்துப் புதிய கையில் ஊன்றுவோம். படித்ததும் பழையது அழிந்துவிடும். எனவே, ஒரு கைக்கு ஒரே கைதான், படியெடுக்க இயலாது."

"அப்பம் அவரு கையைப் படிக்கறதுக்குப் பதிலா என் கையை ஏன் படிச்சீங்க?"

மெர்சி பதிவைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணாச்சி, திடல்ல இருந்து ரெண்டு கை கொண்டாந்துருக்காங்க. ரெண்டுலயும் துண்டு கட்டியிருந்துருக்கு. ஒண்ணுல 'சூசை ஓட்டல்', ஒண்ணுல 'தில்லை ஓட்டல்'. அதை வாசிச்சுத்தான் பேரெழுதியிருக்காங்க."

தில்லையம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். "அசனத்துத் துண்டு தாயி அது! அன்னைக்கு அவரு துண்டுல்லா என் கையில!"

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர்ப்பெண்ணான அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. டாக்டருக்கு விளக்கியபின் அவர் பழைய பதிவை மறுபடியும் படித்தார்.

"மற்றவர்கள் மூன்று வாரத்தில் கையோடு பழகிவிடுவார்கள்," என்றது பெட்டி பிறகு. "அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. எங்கள்மீதுள்ள வெறுப்பு அதைத் தடுக்கிறது என்று குறித்துவைத்தோம். எங்கள் பிழை. ஐயா, இந்தக் கை தங்களுடையது. தாங்கள் கோரினால் நாளை முற்பகலில் மாற்றிப் பொருத்துவேன். கப்பல் பிற்பகலில்தான் புறப்படும்."

ஆறு ஆண்டுகளாகத் தில்லையம்பலம் முடிக்காமல் விட்டுவந்த எண்ணம் முடியப்போகிறது. குண்டூசி குத்திய சட்டைக்கைக்குள்ளே இல்லாத விரல்கள் தம்ளரைப் பிடித்தன.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"இருவரும் போட வேண்டும். திருத்திய பதிவை இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவது விதி," என்றார் டாக்டர். "துணுக்கின் விவரமும் மாறும். தங்கள் கையில் இருந்தது எங்கள் குண்டு. தங்களை ஊனப்படுத்தியவர்கள் நாங்கள்."

தில்லையம்பலத்துக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் வருத்தத்தாள் நினைவுக்கு வந்தது. பாத்துத்தான் விழுந்தது, பாத்துத்தான் விழுந்தது என்று ஆறு ஆண்டுகளாகத் தெருவெல்லாம் சொல்லி வந்த வாய் உலர்ந்துபோயிற்று.

"அப்பம் அவருக்கு?"

மெர்சி திரையைப் பார்த்தாள். பார்த்தவள் டாக்டரை ஏறிட்டாள். டாக்டர் தலையசைத்தபின் மெல்லச் சொன்னாள்: "அவரு கையில இருந்தது காவற்குழு குண்டு, அண்ணாச்சி. பாறைமேட்டுப் பீரங்கி."

சன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தது. பாறைமேட்டில் இருந்தது ஒரே பீரங்கி. அதற்குக் குண்டு எடுத்துக் கொடுத்தவன் யாருடைய மகன் என்பது ஊருக்கே தெரியும்.

"அந்த வரி இல்லாம எழுத முடியாதா, தாயி?"

"முடியாது, ஐயா," என்றது பெட்டி. "உண்மை எதுவோ அதையே எழுதுவோம்."

"ஆறு வருசமா எழுதினதும் இதே கருவி சொன்ன உண்மைதானே!" என்று தில்லையம்பலம் சீறினார். பெட்டி அதை மொழிபெயர்த்தது. டாக்டர் திருத்திய பதிவை அச்சிட்டார். தாளை நீட்டினார். தில்லையம்பலம் அதை நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

பிற்பகலில் சூசைப்பிள்ளையின் கடை திறந்திருந்தது; கல் குளிர்ந்திருந்தது. பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த சூசைப்பிள்ளை நிமிர்ந்து பார்க்காமலே, "வாரும் வே. உம்மத்தான் பாத்துட்டு இருக்கேன்," என்றார்.

"எப்பம் தெரியும்?"

"மொத நாளே."

"மொத நாளேன்னா?"

"கட்டு அவுத்து வீட்டுக்கு வந்தன்னைக்கு, கதவைச் சாத்திட்டு ஒருக்கா கொத்திப் பாத்தேன். ஓரத்துக்கு வந்ததும் நின்னு தாண்டுது. என் கல்லுல ஏது வே விரிசலு?" சூசைப்பிள்ளை கசப்பாகச் சிரித்தார். "ரெண்டு பேரு கையையும் மாத்திப்புட்டானுவன்னு அப்பமே தெரிஞ்சுபோச்சு."

"ஆறு வருசம்! எதுத்தாப்புல நின்னு பாத்துட்டே இருந்தீரே! என் பொண்டாட்டி என்கூட ஒத்தைத் தம்ளரோட மல்லுக்கட்டினதைப் பாத்தீருல்லா! வாயைத் தொறந்தீரா?"

"தொறக்கலை." சூசைப்பிள்ளை செம்புநிறக் கையை விரித்துப் பார்த்தார். "இருவது வருசம் உம்ம கொத்தைக் கேட்டு வயிறெரிஞ்சவன் வே நான். என் கடையில சாப்பிட்டுக்கிட்டே உம்ம சத்தத்துக்குத் தாளம் போடுவானுவ. அந்தச் சத்தம் இப்பம் என் கைக்குள்ள உக்காந்துருக்கு. வெளிய விட்டா உம்ம பேரைச் சொல்லிரும். திருப்பிக் குடுக்க மனசு வரலை. அதான் பலகையை மாட்டினேன்."

தில்லையம்பலம் திகைத்தார். தாம் ஒருவர்தாம் எரிந்தோம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தார். தெருவின் அந்தப் பக்கத்திலும் அதே அடுப்பு எரிந்திருக்கிறது. அதுவும் தமக்கு முன்பிருந்தே.

"தாளைக் கொண்டாந்துருக்கீருல்லா? குடும், கையெழுத்துப் போடுதேன்," என்று சூசைப்பிள்ளை எழுந்தார். "கையைக் கழத்திட்டுப் போட்டும். எனக்குப் போதும் வே இந்தத் திருட்டுப் பொழைப்பு. ஒண்ணு மட்டும் மாறாதுல்லா? கருவி என்ன சொன்னாலும் ரெண்டு பேரையும் அடிச்சது அந்தச் சண்டாளப் பயலுவ குண்டுதான். என் கையையும் அவனுவதான் எடுத்தானுவ, என் மவனையும் அவனுவதான் எடுத்தானுவ. அதைச் சொல்லித்தான் வே நான் காலையில எந்திரிக்கேன்."

சுவரில் அருளப்பன் மாலைக்குள்ளிருந்து சிரித்தான். தில்லையம்பலத்தின் இடக்கை இடுப்பிலிருந்த தாளைத் தொட்டது. ஒரு சொல் போதும். ஒரே சொல்லில் கையும் வரும், ஆறு ஆண்டு வயிற்றெரிச்சலுக்குப் பழியும் தீரும். அந்தச் சொல் அவருடைய நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அது அங்கே எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை அவர் பிற்காலத்தில் பரிமளத்திடம்கூடச் சொன்னதில்லை.

"தாளு இல்லை," என்றார். "கையைக் கழத்தினா ஒண்ணுக்கும் ஆகாமப் போயிருமாம். டாக்டரம்மா முடியாதுன்னுட்டா."

"பொய் சொல்லுதீரா வே?"

"பொய் சொல்ல எனக்கென்ன கிறுக்கா? என் கை வே அது! முடிஞ்சா விடுவேனா?"

சூசைப்பிள்ளை நம்பினார். தில்லையம்பலம் எரிச்சலோடு சொன்னதனால்தான் நம்பினார். அந்த எரிச்சலில் பொய்யில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் தில்லையம்பலம் வாசலில் நின்று. "பலகையைக் கழத்தும். தினமும் கொத்தணும். கதவைத் தொறந்துவச்சுக் கொத்தணும். என் கை சும்மா கெடக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கப்பல் மூன்றுமுறை ஊதிவிட்டுப் புறப்பட்டது. சிலர் கரையில் நின்று கையசைத்தார்கள். சிலர் காறி உமிழ்ந்தார்கள். மீராசா வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கடையில் பிச்சையா வழக்கம்போல், "என்ன வே, உம்ம ஆளுவ போயாச்சு! இனிமே யாருக்கு வக்காலத்து?" என்று சீண்டினார். தில்லையம்பலம் கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, துடைக்கிற சாக்கில் உள்ளே கொண்டுபோய் வைத்தார். "காவற்குழுவைத் தொலைச்சான். அது நெசந்தான்," என்றார். அதற்குமேல் வாதாடாமல் கல்லைத் துடைக்கப் போனார்.

எதிர்க்கடையில் கொத்துச் சத்தம் தொடங்கிற்று. தட், தட், தட்; ஒரு மூச்சு; தடதட். ஒரே வாரத்தில் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. "சூசை கை பேசுது வே!" என்றார்கள். தம் சொந்தக் கொத்தை அடுத்தவன் பெயரால் புகழக் கேட்டுக்கொண்டு தில்லையம்பலம் ஒற்றைத் தம்ளரோடு நின்றார். தாள் அவருடைய இடுப்பிலேயே இருந்தது. கப்பல் போனபின் அதனால் கை வராது; ஆனால், சூசைப்பிள்ளையைச் சாய்க்க அது போதும். அதனாலேயே அவர் அதைக் கிழிக்கவில்லை. வேட்டி மாற்றும்போதெல்லாம் தாளும் மாறி ஏறியது. "என்னது அது, தாயத்து மாதிரி?" என்று கேட்டாள் பரிமளம். அவர் வேட்டி மடிப்பை இறுக்கிக்கொண்டார்.

நாற்பது நாள் இருக்கும். ஒரு மாலையில் எதிர்க்கடைச் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. தட், தட், தட், தடதட். நடுவில் மூச்சு இல்லை. தில்லையம்பலம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இல்லை. சூசைப்பிள்ளையின் நல்ல கல்லில் நாள்தோறும் புழங்கியதில், அங்கே விரிசல் இல்லை என்பதைக் கை கண்டுகொண்டுவிட்டது. உலகத்தில் அவருடையதென்று மிஞ்சியிருந்த ஒரு மூச்சும் போயிற்று. அன்றைக்கு அவர் பாதியிலேயே கல்லை இறக்கிவிட்டார். இடுப்புத் தாள் தீயாய்ச் சுட்டது. நாளைக்குப் போய்ப் படித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாட் காலையில் அவர் தாளோடு தெருவில் இறங்கியபோது, எதிர்க்கடையில் உளிச் சத்தம் கேட்டது. ஆட்கள் கூடி நின்றார்கள்.

"பித்தா வே பிடிச்சுருக்கு உமக்கு? அருமையான கல்லைப் போயி..." என்று பிச்சையா கத்திக்கொண்டிருந்தார்.

சூசைப்பிள்ளை கல்லைத் தரையில் கிடத்தி, வலப்பக்க ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்திருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கை மறக்கப் பாக்குது வே," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இது என் கை இல்லை, தில்லை கை. அசனத்துல துண்டு மாறினதுல எங்கிட்ட வந்துட்டு. இத்தனை வருசம் மறைச்சுவச்சது என் தப்பு. எரவல் வாங்கினதைக் கெடுத்துரக் கூடாதுல்லா? விரிசலு இருந்தாத்தானே தாண்டும்?"

மீராசா சூசைப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "இந்த மனசு யாருக்கு வே வரும்!" என்று பிச்சையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய்க் கோயில் கமிட்டியாரை அழைத்து வந்தார்கள். சங்குத்துறை அந்தக் கல்லைப் பற்றி இன்னும் நூறு ஆண்டு பேசும் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

தில்லையம்பலம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். தாம் கொடுத்தது இன்னதென்று தாமும், பதிவின் இரகசியம் காக்கும் மெர்சியும், அந்தத் தாளும் தவிர ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் கூடாது. சூசைப்பிள்ளையோ ஓர் உளியைத் தூக்கி ஒரு கல்லைக் கீறி, ஊர் முழுவதையும் அழவைத்துவிட்டார்.

"இதுலயும் முந்திக்கிட்டானே, பாவி!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கடைக்குத் திரும்பினார். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பரிமளத்தை விலக்கிவிட்டு, இடுப்பிலிருந்து எதையோ உருவி உள்ளே போட்டார்.

"என்னத்தைப் போட்டிய?"

"பழைய காயிதம். கல்லை எடுத்துப் போடு."

தாள் சுருண்டு கறுத்துச் சாம்பலாகும்வரை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல் காய்ந்தது. எதிர்க்கடையில் தம்ளர் விழும் சத்தம் எழுந்தது. தட், தட், தட். தில்லையம்பலத்தின் இடக்கை தம்ளரைத் தூக்கிக்கொண்டு அந்த ஒரு மூச்சுக்காகக் காத்து நின்றது.